குழலில் பொறித்த அளவு: விளிம்புத் தோட்டாக்களும் அவற்றுக்கு விதி செய்த சபைகளும்

துப்பாக்கி சுடும் சங்கங்களின் விழா மலர்களில் பதக்கம் வென்றவர்களின் படங்கள் வரும், தலைவர்களின் வாழ்த்துரைகள் வரும், சுடுதளம் கட்ட நிதி தந்த நன்கொடையாளர் பட்டியலும் வரும். தோட்டாவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரும் நாள்தோறும் கையில் எடுக்கும் ‘பாயிண்ட் டூ டூ’ (.22) தோட்டாவுக்குப் பின்னால் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை ஒழுங்குபடுத்திய சபைகளுள் ஒன்று, அமெரிக்காவின் விளையாட்டுத் துப்பாக்கி – தோட்டா உற்பத்தியாளர் கழகம். அது 1926-இல் தொடங்கியது; 2026-இல் அதற்கு நூறு ஆண்டு நிறைகிறது. சங்கத்தின் தோட்டா இருப்புப் பதிவேட்டைக் கவனித்துவரும் உறுப்பினன் என்ற முறையில், அந்த நூற்றாண்டை ஒட்டி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. ஒரு தோட்டா துப்பாக்கியின் அறைக்குள் நுழைகிறது என்பதால் மட்டும் அது அந்தத் துப்பாக்கிக்கு உரியதாகிவிடாது. எது எதற்கு உரியது என்பதைக் கையால் தடவிப் பார்த்தோ கண்ணால் மதிப்பிட்டோ முடிவு செய்யக் கூடாது. அதற்கு எழுதிவைத்த அளவு வேண்டும். அந்த அளவை எல்லோரும் ஏற்க வேண்டும். சபைகள் தோன்றியது இதற்காகத்தான்.

பாரிசில் ஒரு பட்டறை

விளிம்புத் தோட்டாவின் மூலவர் பாரிசைச் சேர்ந்த துப்பாக்கிக் கலைஞர் லூயி நிக்கோலா ஃப்ளோபேர். 1845-இல், வெடிமூடி எனப்படும் சிறு செப்புத் தொப்பியின் வாயில் ஓர் ஈயக் குண்டைப் பொருத்தினார். வெடிமருந்துப் பொடியே கிடையாது. தொப்பிக்குள் இருந்த தீமூட்டும் கலவையின் விசை மட்டுமே குண்டைத் தள்ளியது. வீட்டுக் கூடத்திலும் தோட்டத்திலும் இலக்கு வைத்துச் சுடும் பொழுதுபோக்குக்கு அது போதுமானதாக இருந்தது.

அதன் அடிப்படை அமைப்பு இன்றுவரை மாறவில்லை. தோட்டாவின் அடிப்பகுதியில் வெளியே மடிந்து நிற்கும் விளிம்பு உள்ளே பொள்ளலாக இருக்கும். தீமூட்டும் கலவையை ஈரமாக உள்ளே இட்டுச் சுழற்றினால் அது விளிம்பின் உட்புறம் முழுவதும் பரவிப் படியும். குதிரையை இழுத்ததும் அடிமுனை அந்த விளிம்பின் ஓரிடத்தை நசுக்குகிறது, கலவை பற்றிக்கொள்கிறது. சுட்டபின் வெளிவரும் வெற்றுக் கூட்டைப் பாருங்கள். விளிம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் சிறு பள்ளம் விழுந்திருக்கும்.

இந்த அமைப்பிலிருந்தே மூன்று விளைவுகள் பிறக்கின்றன. விளிம்பு நசுங்கும் அளவுக்கு உலோகம் மெல்லியதாக இருக்க வேண்டும்; எனவே மிகுந்த அழுத்தத்தை அது தாங்காது. ஒருமுறை நசுங்கிய விளிம்பைச் சரிசெய்து மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்த வழியில்லை. கலவை விளிம்பில் ஓரிடத்தில் படியாமல் விட்டுப்போய், அடிமுனையும் சரியாக அங்கேயே விழுந்தால் தோட்டா வெடிக்காது. அடிமுனை அடிப்பகுதியின் நடுவில் தாக்கும் நடு அடித் தோட்டாக்களைவிட .22-இல் ‘மிஸ்ஃபயர்’ அதிகம் நேர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஷார்ட், லாங், லாங் ரைஃபிள்

ஃப்ளோபேரின் விளையாட்டுப் பொருளை முழுமையான தோட்டாவாக வளர்த்தவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தார். 1857-இல் அவர்களுடைய முதல் சுழல் துப்பாக்கியோடு ஒரு தோட்டாவும் வெளிவந்தது. 29 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 1.9 கிராம் எடையுள்ள குண்டு. 4 கிரெய்ன் கரும்பொடி. முனையிலிருந்து அடிவரை துளையிட்ட சுழல் உருளைக்கான காப்புரிமை ரோலின் வைட் என்பவரிடம் இருந்ததால், விற்ற ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அவருக்கு 25 சென்ட் கொடுத்தார்கள். அன்று பிறந்த தோட்டாதான் இன்றைய .22 ஷார்ட்.

1871-இல் கூட்டை நீட்டி, கரும்பொடியை 5 கிரெய்னாக்கி, அதே 29 கிரெய்ன் குண்டோடு .22 லாங் வந்தது. 1887-இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் லாங்கின் கூட்டை அப்படியே எடுத்துக்கொண்டு, 40 கிரெய்ன் குண்டை வைத்து .22 லாங் ரைஃபிளை உருவாக்கியது. ஏறக்குறைய 2.6 கிராம் எடையுள்ள அந்தக் குண்டுதான் உலகெங்கும் நிலைத்தது. இன்று .22 என்று எந்தச் சுடுதளத்தில் சொன்னாலும் அது எல்.ஆர். என்றே பொருள்படும்.

மூன்றும் ஒரே குடும்பம். கூட்டின் விட்டம் மூன்றுக்கும் 5.7 மில்லிமீட்டர், பென்சிலைவிடச் சற்று மெலிவு. விளிம்பின் விட்டம் சுமார் 7.1 மில்லிமீட்டர். ஷார்ட்டின் கூடு 10.7 மில்லிமீட்டர் நீளம், எல்.ஆர். கூடு 15.6 மில்லிமீட்டர். நீளம் மட்டுமே வேறு. அறைக்குள் தோட்டா எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைத் தடுத்து நிறுத்துவது விளிம்புதான். விளிம்பு ஒன்றாக இருப்பதால் மூன்றும் எல்.ஆர். அறையில் ஒரே இடத்தில் அமர்கின்றன.

ஓர் எல்.ஆர். தோட்டாவை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். குண்டின் வெளி விட்டமும் கூட்டின் வெளி விட்டமும் ஒன்றுதான். குண்டின் பின்பகுதியை மட்டும் குறுக்கி, அந்தக் குதிகாலைக் கூட்டுக்குள் செருகியிருப்பார்கள். மசகு வெளிப்புறத்தில் இருப்பதால் விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். மணல் தரையில் விழுந்த தோட்டாவில் மணல் ஒட்டிக்கொண்டு வரும். அப்படி விழுந்ததை ஊதிவிட்டு ஏற்றினால் மணலும் குழலுக்குள் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இந்த அமைப்பை இன்றைய ஒலிம்பிக் தோட்டாக்களும் அப்படியே சுமக்கின்றன.

ஆளுக்கொரு அளவு

அடுத்த கால் நூற்றாண்டில் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி அளவில் தோட்டா செய்யத் தொடங்கின. வின்செஸ்டர் 1890-இல் தன் புதிய பம்ப் ரைஃபிளோடு .22 டபிள்யூ.ஆர்.எஃப். தோட்டாவை வெளியிட்டது. அதன் குண்டு முழுவதும் கூட்டுக்குள் அடங்கும். மசகும் உள்ளேயே இருக்கும். அதனால் கூட்டின் விட்டம் சுமார் 6.1 மில்லிமீட்டராகப் பெருத்தது. 1900-இல் ஸ்டீவன்ஸ் .25 தோட்டாவைக் கொண்டுவந்தது.

1903-இல் வின்செஸ்டர் தன் தானியங்கி ரைஃபிளுக்கென ஒரு தனித் தோட்டாவை வகுத்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. அப்போது கடைகளில் கரும்பொடித் தோட்டாக்களும் புகையில்லாப் பொடித் தோட்டாக்களும் கலந்து விற்றன. கரும்பொடியின் கசடு தானியங்கி இயக்கத்தை விரைவில் அடைத்துவிடும். பழைய தோட்டாவை யாரும் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அளவை மாற்றினார்கள். 1914-இல் ரெமிங்டன் தன் தானியங்கிக்கு வேறோர் அளவு வகுத்தது. இரண்டும் .22, இரண்டும் ‘ஆட்டோமேட்டிக்’. ஆனால் ஒன்று மற்றொன்றுக்கு உதவாது.

வாங்குபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கடைக்காரரிடம் .22 என்று கேட்டால் அரை டஜன் வகை கிடைக்கும். அவற்றில் சில அவருடைய துப்பாக்கிக்குள் நுழையும், சில நுழையாது. நுழைபவற்றிலும் சில தீங்கு செய்யும்.

இரண்டு சபைகள்

ஐரோப்பாவில் 1914-இல், துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்பெற்ற பெல்ஜிய நகரமான லியேஜில் ஒரு பன்னாட்டு ஆணையம் உருவானது. சி.ஐ.பி. என்ற பெயரில் இன்றும் அது இயங்குகிறது. உறுப்பு நாடுகளில் அதன் விதிக்குச் சட்ட வலிமை உண்டு. துப்பாக்கி விற்பனைக்குப் போகுமுன் சோதனை இல்லத்தில், வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவால் சுட்டுச் சோதித்து முத்திரை குத்துகிறார்கள். பழைய ஐரோப்பிய ரைஃபிளின் குழலில் காணும் சிறுசிறு பொறிப்புகள் அந்தச் சோதனையின் சான்றுகள்.

அமெரிக்கா வேறு வழியில் வந்தது. 1926-இல் அரசின் வேண்டுகோளின் பேரில் உற்பத்தியாளர்களே கூடி நான் முன்னே சொன்ன கழகத்தை அமைத்தார்கள். சந்தையில் ஒருவருக்கொருவர் போட்டியாளர்களாக இருந்தவர்கள், பாதுகாப்பு, தரம், ஒருவர் தயாரிப்பு மற்றவர் தயாரிப்போடு பொருந்துதல் ஆகியவற்றுக்காக ஒரே மேசையில் அமர்ந்தார்கள். கழகத்தின் விதிகள் தன்னார்வ விதிகள். சட்டத்தின் கட்டாயம் இல்லை. ஆனாலும் அமெரிக்கத் தொழில்துறை அவற்றையே பின்பற்றுகிறது. விளிம்புத் தோட்டாக்களுக்கென்று தனி ஆவணமே உண்டு. ஒவ்வொரு வகைக்கும் தோட்டாவின் மிகப் பெரிய அளவு, அறையின் மிகச் சிறிய அளவு, அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் ஆகியவை அதில் வரைபடத்தோடு இருக்கும்.

தோட்டாவுக்கு மிகப் பெரிய அளவையும் அறைக்கு மிகச் சிறிய அளவையும் வரையறுத்ததில்தான் சாரம் இருக்கிறது. பர்மிங்காமில் செய்த தோட்டா, ஜெர்மனியில் கடைந்த அறைக்குள், இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே சரியாகப் பொருந்துவதற்கு இந்த இரண்டு எல்லைகளே காரணம். எல்.ஆர். தோட்டாவுக்கு அமெரிக்கக் கழகம் வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு. ஐரோப்பிய ஆணையத்தின் எண்ணும் ஏறக்குறைய இதற்கு இணையானதே. ஷார்ட்டுக்கு 21,000; கீழே பார்க்கப்போகும் .17 எச்.எம்.ஆருக்கு 26,000.

கழகம் இன்னொரு பட்டியலையும் வெளியிடுகிறது: எந்த அறையில் எந்தத் தோட்டாவைப் போடக் கூடாது என்ற பட்டியல். ஆயுதக் கிடங்கின் கதவில் ஒட்டிவைக்கத் தக்க ஆவணம் அது.

நுழையும், ஆனால் தகாது

ஷார்ட்டிலிருந்து தொடங்குவோம். குழலில் ‘எஸ், எல், எல்.ஆர்.’ என்று மூன்றும் பொறித்திருந்தால், அந்த ரைஃபிளில் ஷார்ட்டைச் சுடலாம். ஆபத்து இல்லை, இழப்பு உண்டு. குட்டையான கூட்டிலிருந்து புறப்படும் குண்டு, குழலின் சுழல் வரிகளைப் பிடிப்பதற்கு முன் வெற்று அறையில் சில மில்லிமீட்டர் தாவ வேண்டும். அந்தத் தாவலில் துல்லியம் குறைகிறது. ஷார்ட்டின் வாய் முடியும் இடத்தில் கசடும் ஈயமும் வளையமாகப் படிகின்றன. சில நூறு ஷார்ட்டுகளுக்குப் பின் எல்.ஆர். போட்டால், கூடு அந்த வளையத்தில் சிக்கும்; நுழைய மறுக்கும், அல்லது சுட்டபின் வெளிவர மறுக்கும். மூடிய துப்பாக்கியைத் திறக்க முடியாமல் ஒருவர் போராடும்போது காரணம் பெரும்பாலும் அந்த வளையமே. தானியங்கிகளில் இன்னொரு குறையும் உண்டு. ஷார்ட்டின் உந்துவிசை இயந்திரத்தைப் பின்னுக்குத் தள்ளப் போதாது.

இனி மேக்னம். 1959-இல் வின்செஸ்டர், தன் பழைய டபிள்யூ.ஆர்.எஃப். தோட்டாவை நீட்டி .22 மேக்னத்தை அறிவித்தது. கூட்டின் நீளம் 26.8 மில்லிமீட்டர், விட்டம் 6.1. எனவே டபிள்யூ.ஆர்.எஃப். தோட்டாவை மேக்னம் அறையில் சுடலாம். விட்டம் ஒன்று, நீளம் மட்டும் குறைவு. இது தாத்தாவும் பேரனும் போன்ற உறவு. எல்.ஆர். அந்த வம்சத்தைச் சேர்ந்ததே அல்ல.

மேக்னம் தோட்டா எல்.ஆர். அறைக்குள் நுழையாது, 6.1 எப்படி 5.7-க்குள் போகும்? அந்தத் தவறைத் துப்பாக்கியே தடுத்துவிடுகிறது. ஆபத்து எதிர்த் திசையில் இருக்கிறது. எல்.ஆர். தோட்டா மேக்னம் அறைக்குள் எளிதாக வழுக்கிப் போகும். சுட்டால், சுற்றிலும் தாங்கச் சுவர் இல்லாத மெல்லிய பித்தளைக் கூடு உப்பி நெடுக்காகக் கிழியும். சூடான வாயுவும் உலோகத் துகளும் பின்புறமாக, சுடுபவரின் முகத்தை நோக்கி வரலாம். கழகத்தின் விலக்குப் பட்டியலில் இந்தச் சேர்க்கை இருக்கிறது. இரண்டையும் சுட விரும்புவோருக்காகச் சில சுழல் துப்பாக்கிகளை இரண்டு தனித்தனி உருளைகளோடு விற்கிறார்கள். குழல் ஒன்றாக இருந்தாலும் அறைக்கு இரண்டு அளவு வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

2002-இல் ஹார்னடி நிறுவனம் மேக்னத்தின் வாயைக் குறுக்கி .17 எச்.எம்.ஆரை உருவாக்கியது. ஒரு கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள குண்டு. நொடிக்கு 2,550 அடி வேகம். அடிப்பகுதி மேக்னத்துடையதே என்பதால் .22 மேக்னம் அறை அதையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் குழலின் வரிகளைத் தொடாத மெலிந்த குண்டு அது. 2004-இல் வந்த .17 மாக் 2 எல்.ஆர். வழியில் பிறந்தது, எச்.எம்.ஆரோடு ஒப்பிட்டால் கூடு குட்டை, வலிமையும் குறைவு. இரண்டுக்கும் எண் .17 தான். எண் ஒன்றாக இருப்பதால் தோட்டா ஒன்றாகிவிடாது.

பெயரே ஒன்றாக இருந்தும் கவனம் வேண்டிய ஓர் இடம் உண்டு. 1970-களில் சி.சி.ஐ. நிறுவனம் வெளியிட்ட ஸ்டிங்கர், பெட்டியின் மேல் .22 எல்.ஆர். என்றே குறிக்கப்பட்டது. அதன் கூடு வழக்கத்தைவிட ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளம். சாதாரண ரைஃபிளின் தாராளமான அறையில் அது பொருந்தும். போட்டி ரைஃபிள்களின் இறுக்கமான அறையில் கூட்டின் வாய் வரிகளின் தொடக்கத்தில் போய் முட்டி, அழுத்தத்தை ஏற்றும். இத்தகைய அதிவேகத் தோட்டாக்களைத் தங்கள் போட்டி அறைகளில் போட வேண்டாம் என்று ரைஃபிள் செய்பவர்கள் கையேட்டில் எழுதுவது இதனால்தான்.

ஒலியின் வேகமும் நம் ஊர் வெயிலும்

எல்.ஆர். தோட்டாக்களிலேயே வேகப் பிரிவுகள் உண்டு. ‘ஸ்டாண்டர்டு’ வகை நொடிக்கு 320 முதல் 330 மீட்டர் வரை செல்லும். ‘ஹை வெலாசிட்டி’ 365-இலிருந்து 390 வரை. ஸ்டிங்கர் போன்றவை 500 மீட்டரைத் தொடும். போட்டியாளர்கள் மெதுவான வகையைத் தேர்வதற்குக் காரணம் ஒலியின் வேகம். ஒலியைவிட விரைந்து புறப்பட்ட குண்டு, வழியில் வேகம் குறைந்து ஒலி எல்லையைக் கடக்கும்போது சற்றே தடுமாறுகிறது. ஒலிக்குக் கீழேயே தொடங்கினால் அந்தத் தடுமாற்றம் இல்லை.

ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறும். 0 பாகை செல்சியசில் நொடிக்கு 331 மீட்டர். 35 பாகையில் ஏறக்குறைய 352. சித்திரை வெயிலில் நம் சுடுதளத்தில் சுடும் ஸ்டாண்டர்டு தோட்டா எல்லைக்குக் கீழே வசதியாகவே நிற்கும். ஐரோப்பியக் குளிரில் அதே தோட்டா எல்லையை உரசும்.

துல்லியத்தின் அளவையும் நினைவில் கொள்ள வேண்டும். 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அதனால்தான் உயர்நிலை வீரர்கள் தோட்டாவின் பெயரை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. 1828-இல் லண்டனில் தொடங்கிய ஈலி, 1923-இல் ஃபின்லாந்தில் தொடங்கிய லப்புவா போன்ற நிறுவனங்களின் சோதனைக் கூடங்களில் தங்கள் குழலை வைத்து, ஒரே வகையின் வெவ்வேறு ‘லாட்’ எண்களைச் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்கு இசையும் லாட்டை மொத்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். பொருத்தம் என்பது பாதுகாப்பில் தொடங்கித் துல்லியத்தில் நிறைவு பெறுகிறது.

மக்கள் விளையாட்டானது

.22-ஐ எளியவர்களின் விளையாட்டாக்கியதில் பிரிட்டனுக்குப் பெரும் பங்கு உண்டு. தென்னாப்பிரிக்கப் போரில் தங்கள் வீரர்களின் சுடும் திறன் குறைவாக இருந்ததைக் கண்ட ராபர்ட்ஸ் பிரபு போன்றோர், 1901-இல் உழைப்பாளர் ரைஃபிள் சங்கங்களின் அமைப்பைத் தோற்றுவித்தார்கள். சிறு இடம், குறைந்த செலவு, மெல்லிய ஓசை, எல்லாவற்றுக்கும் .22 பொருந்தியது. அந்த அமைப்பு 1947-இல் தேசியச் சிறுதுளை ரைஃபிள் சங்கம் எனப் பெயர் மாறியது.

1907-இல் சூரிச்சில் பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் ஒன்றியம் பிறந்தது. இந்தியாவில் 1948-இல் தேசிய மாணவர் படை அமைந்தது. நம் பகுதியில் பலர் வாழ்வில் முதன்முதலாகச் சுட்டது அங்கே தந்த பாயிண்ட் டூ டூ ரைஃபிளில்தான். 1951-இல் தேசிய ரைஃபிள் சங்கம் உருவானது. மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி.வி. மாவ்லங்கர் அதன் நிறுவனர். அவர் பெயரால் அகில இந்தியப் போட்டி இன்றும் நடக்கிறது.

தோட்டா வகையை மாற்றும் விதி ஒரு விளையாட்டையே எப்படி மாற்றும் என்பதற்கு 25 மீட்டர் விரைவுப் பிஸ்டல் எடுத்துக்காட்டு. நான்கு நொடியில் ஐந்து இலக்குகளைச் சுட வேண்டிய போட்டி அது. உதறல் குறைவு என்பதற்காக 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை அதில் .22 ஷார்ட்டையே பயன்படுத்தினார்கள். அதன்பின் விதி திருத்தப்பட்டு எல்.ஆர். மட்டும் அனுமதிக்கப்பட்டது. ஷார்ட்டுக்கென்றே வடித்த பிஸ்டல்கள் அலமாரிக்குப் போயின; வீரர்கள் கூடுதல் உதறலோடு மறுபடி பழகினார்கள். அந்தப் புதிய விதியின் கீழ்தான் 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்றார். 2024 பாரிசில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே பெற்ற வெண்கலமும் எல்.ஆர். தோட்டாவால் வந்ததே.

நம் கிடங்குக்கு ஒரு நடைமுறை

நடு அடித் தோட்டாக்களின் அடியில் வகைப் பெயர் பொறித்திருக்கும். .22 விளிம்புத் தோட்டாவின் அடியில் பெரும்பாலும் தயாரித்தவரின் அடையாள எழுத்து மட்டுமே இருக்கும். எனவே பெட்டியை விட்டு வெளியே வந்த தோட்டா தன் பெயரை இழந்துவிடுகிறது. எந்த வகை, எந்த வேகம், எந்த லாட் என்பதைச் சொல்லும் சாட்சி பெட்டி ஒன்றே. சட்டைப் பையில் நாலு, மேசை இழுப்பறையில் பத்து என்று சேரும் உதிரித் தோட்டாக்களை நான் பதிவேட்டில் ஏற்க மறுப்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே இந்த மலர் வழியாகச் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். தோட்டாவைச் சுடும் மேடைக்குப் பெட்டியோடு மட்டுமே எடுத்துச் செல்லும் வழக்கத்தை விதியாக்க வேண்டும். எல்.ஆர். தவிர்ந்த விளிம்புத் தோட்டா எதுவும் உறுப்பினர் வசம் இருந்தால் அதற்குத் தனிப் பெட்டகமும் தனிப் பதிவேடும் வேண்டும். புதிதாகச் சேரும் மாணவருக்கு, இலக்கைப் பார்க்கக் கற்றுத்தரும் முன்பே, குழலில் பொறித்ததை வாய்விட்டுப் படித்து, பெட்டியில் அச்சிட்டதோடு ஒப்பிட்டுச் சொல்லும் பழக்கத்தைக் கற்றுத்தர வேண்டும்.

நூறு ஆண்டுகளாக வரைபடம் போட்டும் அழுத்தம் அளந்தும் விலக்குப் பட்டியல் தொகுத்தும் வந்தவர்களின் உழைப்பு, நம் மாணவர் செலவிடும் அந்தச் சில நொடிகளில்தான் பயன் தருகிறது. வரும் பயிற்சி முகாமிலிருந்தே இதைத் தொடங்குவோம்.